பிள்ளைகளுக்குக் காரமில்லாத கொண்டைக்கடலைக் கறி: ஊறப்போடுவதிலிருந்து ஊட்டுவது வரை

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பெரியவர்களுக்கு வைத்த கறியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பக்கத்தில் இருக்கிற தம்ளர் தண்ணீரில் ரெண்டு தடவை அலசி, "காரம் போயிருச்சு, சாப்பிடு" என்று பிள்ளை வாயில் வைப்பது. என் அம்மா செய்தார், மாமியாரும் செய்தார், நானும் பெரியவனுக்கு அப்படித்தான் கொடுத்தேன். கோழிக் கறியோ கடலைக் கறியோ, அலசினால் போவது மேலே ஒட்டியிருக்கிற மசாலாவும் மணமும்தான். உள்ளே ஊறிய உப்பும் உறைப்பும் அங்கேயேதான் இருக்கும். பிள்ளை முகத்தைச் சுளித்தவுடன் "இவனுக்குக் கடலை பிடிக்காது" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

சின்னவளுக்கு இப்போது இரண்டே கால் வயது. அவளுக்கு நான் அலசிக் கொடுப்பதில்லை. ஒரே சட்டியில் முதலில் காரமில்லாமல் கறியை முழுசாக வைத்து முடித்து, அவள் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் இரண்டாவது தாளிப்பு போடுகிறேன். ரெண்டு சமையல் கிடையாது, ஒரு சமையல்தான். மிளகாயைத்தான் எடுக்கிறோமே தவிர மல்லி, சீரகம், சோம்பு, பட்டை, கருவேப்பிலை மணத்தை எடுப்பதில்லை. இந்த மணத்தோடு வளர்கிற பிள்ளை நாளைக்கு வீட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவிடாது என்று நான் மனதார நம்புகிறேன்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். அளவு 200 கிராம் காய்ந்த கடலைக்கு, அதாவது ஒரு கப். வெந்தால் ரெண்டரை மடங்கு வரை வரும், மூன்று பெரியவர்களுக்கும் ஒரு பிள்ளைக்கும் காணும்.

கடலை வாங்குவது

வெள்ளைக் கொண்டைக்கடலை வாங்குங்கள். கறுப்புக் கடலை சத்தில் குறைந்ததில்லை, ஆனால் அதன் தோல் தடிப்பு, பால்பற்கள் அரைகுறையாக முளைத்த வாய்க்கு அது வேண்டாம். நான் இங்கே மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் பக்கம் இருக்கிற மளிகைக் கடைகளில் வாங்குவேன். காரணம், அங்கே சாமான் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இது முக்கியமான விஷயம். பினாங்கு மாதிரி சூடும் ஈரமுமான ஊரில் கடலை மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்தால் அதன் உள்கட்டமைப்பே இறுகிப்போகும், அப்புறம் எத்தனை விசில் வைத்தாலும் நடுவில் கொட்டை மாதிரி ஒன்று நின்றுகொண்டே இருக்கும். குக்கரையும் கேஸையும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அரைக் கிலோவாக வாங்கி, மூடி போட்ட போத்தலில் ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

டின் கடலை தப்பில்லை, அவசரத்துக்கு நானும் எடுப்பேன். உப்புத் தண்ணீரில் கிடப்பதால் தண்ணீரை வடித்துவிட்டு, குழாயடியில் நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீரில் இன்னொரு கால் மணி நேரம் கொதிக்க விட வேண்டும். டின்னில் பெரியவர்கள் மெல்லுகிற பதம்தான் இருக்கும், பிள்ளைக்கு அது பத்தாது.

ஊறவைப்பது

எட்டு மணி நேரம். கடலையைப் போல மூன்று பங்கு தண்ணீர். கால் டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டால் தோலும் உள்சதையும் சீக்கிரம் இளகும், ஆனால் அதற்கு மேல் போடாதீர்கள், சோப்பு வாடை வந்துவிடும். ஊரில் மார்கழிக் குளிரில் ராத்திரி முழுக்க வெளியே வைக்கலாம், நம்மூர் வெக்கையில் முடியாது. காலையில் பார்த்தால் நுரை கட்டி, புளிச்ச வாடை அடிக்கும். படுக்கப் போகும் முன் ஊறப்போட்டு, சட்டியோடு ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சில்லென்று இருப்பதால் கொஞ்சம் மெதுவாக ஊறும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விட்டாலும் கெடாது.

ஊறின தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். "சத்தெல்லாம் போகுது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் வயிற்றில் காற்றுக் கட்ட வைக்கிற ஒரு வகைச் சர்க்கரையும் அதோடு கொஞ்சம் கரைந்து போகிறது, ராத்திரி வயிறு உப்பி அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூன்று தடவை கழுவினால் சோடாவும் போய்விடும்.

வேகவைப்பது

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள், எல்லாமே இதில்தான் இருக்கிறது.

குக்கரில் கடலை, அது மூழ்கி இரண்டு விரல்கடை மேலே நிற்கிற மாதிரி புதுத் தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய். உப்பு வேண்டாம், தக்காளியும் புளியும் இப்போது கூடவே கூடாது. புளிப்புப் பட்டால் கடலைத் தோல் இறுகிவிடும், அப்புறம் இளகாது. ஆறு விசில் வந்ததும் தீயைக் குறைத்து இன்னும் பதினைந்து நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து ஆவி தானாக அடங்கும்வரை தொடாதீர்கள். குக்கர் இல்லாதவர்கள் மூடி போட்ட சட்டியில் ஒன்றரை மணி நேரம் வரை வைக்க வேண்டியிருக்கும், நடுவில் சுடுதண்ணீர் சேர்த்துக்கொண்டே.

இப்போது ஒரு கடலையை எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நகம் படாமல், விரல் சதையால் மட்டும் அழுத்துங்கள். பழுத்த ரஸ்தாளி மாதிரி சத்தமில்லாமல் நசுங்கி விரலில் மாவாக ஒட்ட வேண்டும். சட்டென்று ரெண்டாகப் பிளந்தால் இன்னும் வேகவில்லை. வெளியே மெத்தென்று இருந்து நடுவில் சின்ன மணி மாதிரி தட்டுப்பட்டாலும் வேகவில்லை. ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள், சட்டியின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் இன்னும் ரெண்டு விசில்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பெரியவனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒரு கோயிலில் சுண்டல் கொடுத்தார்கள். அவன் கையை நீட்டினான், நான் ரெண்டு கடலையைக் கொடுத்தேன். கோயில் சுண்டல் எப்போதும் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும், அதுதான் அதன் ருசி. ரெண்டாவது கடலை தொண்டையில் நின்றது. அவன் பலமாக இருமி அதுவாகவே வெளியே வந்து விழுந்தது, என் உள்ளங்கையில் கிடந்த அந்தக் கடலையை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன், ஒரு பல் தடம்கூட இல்லாமல் முழுசாக இருந்தது. குற்றம் கோயில் மேல் இல்லை. உருண்டையான, கெட்டியான எதையும் நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுசாகக் கொடுக்கக் கூடாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதனால் வெந்த கடலையும் நசுக்கப்படாமல் பிள்ளை தட்டுக்குப் போகாது. எவ்வளவு மெத்தென்று வெந்திருந்தாலும் சரி.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வயது, ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்குத் தோல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், குமட்டும். வெந்த கடலையிலிருந்து பிள்ளை பங்கை மட்டும் ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு உள்ளங்கையால் மெல்ல உருட்டினால் தோல் கழன்று மிதக்கும், ஊதி எடுத்துவிடலாம். ரெண்டு வயதுக்கு மேல் நான் தோல் எடுப்பதில்லை.

பிள்ளை மசாலா

கடையில் விற்கிற கறித்தூள் பெரும்பாலானவற்றில் மிளகாய் உண்டு, 'கொஞ்சமா போட்டா என்ன' என்று போட்டால் மணமும் கொஞ்சம்தான் வரும். வீட்டிலேயே ஒரு சின்ன போத்தல் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லி விதை ரெண்டு டேபிள்ஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், சோம்பு ஒரு டீஸ்பூன், சுண்டுவிரல் நுனி அளவு பட்டை. இளந்தீயில் வெறும் குவாலியில், அதாவது வாணலியில் வறுங்கள். மல்லி நிறம் மாறத் தேவையில்லை, வாசம் சமையல்கட்டைத் தாண்டி முன்வீட்டுக்கு வந்தால் போதும். ஆறினதும் அரைத்து, கண்டிப்பாகச் சலியுங்கள், மல்லித் தோலின் சக்கை பிள்ளைத் தொண்டையில் அறுக்கும். சோம்பு லேசான இனிப்பைத் தரும், பிள்ளைகளுக்கு இந்தக் கறி பிடிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மிளகு வேண்டுமென்றால் ஒன்றரை வயதுக்குப் பிறகு நாலு மணி சேர்த்து அரைக்கலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

கறி வைப்பது

அடி கனமான சட்டியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் அல்லது நெய். ஒரு கொத்து கருவேப்பிலையை உருவாமல் காம்போடு போடுங்கள், ஒரு ரம்பை (பாண்டான்) இலையை முடிச்சுப் போட்டு அதையும் சேருங்கள். நம்மூர்க் கறிக்கு ரம்பை போடாமல் எனக்கு மனசு வராது, தேங்காய்ப்பாலோடு அது சேர்கிற மணமே வேறு. முழுசாகப் போடுவது கடைசியில் எடுத்துவிடத்தான். பொடியாக நறுக்கின கருவேப்பிலை பிள்ளைத் தொண்டையில் ஒட்டினால் தண்ணீர் குடித்தாலும் இறங்காது. கடுகு, கிராம்பு, அன்னாசிப்பூ எதுவும் இப்போது வேண்டாம்.

பெரிய வெங்காயம் ஒன்று, முடிந்த அளவு பொடியாக. அவசரப்படாமல் பத்து நிமிடம் வதக்குங்கள், வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி இனிப்பு வாசம் வர வேண்டும். சர்க்கரை சேர்க்காமல் இனிப்பு வருவது இப்படித்தான். இரண்டு பல் பூண்டும் அரை அங்குல இஞ்சியும் அரைத்த விழுது, பச்சை வாடை போகும்வரை. பிறகு கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், அரைத்து வைத்த மசாலாவில் ஒன்றரை டீஸ்பூன், அரை நிமிடம் கிளறி, கருகும் முன் ஒரு கரண்டி கடலை வெந்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

அடுத்து, பழுத்த தக்காளி ஒன்று. சுடுதண்ணீரில் போட்டுத் தோலை உரித்து நறுக்கியது. கூடவே ஒரு கைப்பிடி மஞ்சள் பூசணித் துண்டுகள். பூசணி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், தக்காளியின் புளிப்பையும் சமன் செய்யும். இல்லையென்றால் உருளைக்கிழங்கு, அதுவும் இல்லையென்றால் சர்க்கரைவள்ளி, வீட்டில் இருப்பதைப் போடுங்கள். தக்காளி குழைந்ததும் வெந்த கடலையையும் ஒரு கப் கடலைத் தண்ணீரையும் சேர்த்து, மூடி போட்டுப் பதினைந்து நிமிடம் இளந்தீயில் விடுங்கள். நடுவில் கரண்டியின் பின்பக்கத்தால் கொஞ்சம் கடலையைச் சட்டி ஓரத்தில் வைத்து நசுக்கிவிட்டால் குழம்பு தானாகத் திரண்டு வரும்.

கடைசியாகக் கால் கப் கெட்டித் தேங்காய்ப்பால். மார்க்கெட்டில் மிஷினில் துருவித் தருகிற தேங்காயை வாங்கி அன்றைக்கே பிழிந்தால் அதற்கு ஈடில்லை, பெட்டியில் வருவதும் பரவாயில்லை. ஊற்றிய பிறகு தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், திரிந்துபோகும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்தால் அணைத்துவிடலாம். ரம்பையையும் கருவேப்பிலைக் கொத்தையும் எடுத்துவிடுங்கள்.

உப்பு எங்கே என்று கேட்பீர்கள். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஒரு நாளைக்கு மொத்தமாகவே 2 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது பிரிட்டன் சுகாதாரச் சேவையின் அறிவுரை, அதாவது டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. ரொட்டி, சீஸ், பிஸ்கட், சாஸ் என்று பிள்ளை தின்கிற மற்றதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதனால் பிள்ளை பங்கு எடுக்கும்வரை நான் உப்பே போடுவதில்லை. நமக்குச் சப்பென்று இருக்கும், உப்புப் பழகாத நாக்குக்கு அப்படித் தெரியாது. அவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறாள்.

பங்கு பிரிப்பதும் இரண்டாம் தாளிப்பும்

நாலைந்து டேபிள்ஸ்பூன் கறியை பிள்ளைக்கு எடுத்து வைத்தாயிற்று. இப்போது குவாலியில் ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் காயவிட்டு, கடுகு, நாலு காய்ந்த மிளகாய், அன்னாசிப்பூ ஒன்று, நீளவாக்கில் அரிந்த வெங்காயம், உருவின கருவேப்பிலை, ஒன்றரை டேபிள்ஸ்பூன் கறித்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து அதையும் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கி, மிச்சக் கறியில் கொட்டி உப்புப் போட்டு ஒரு கொதி விடுங்கள். மேலே பொரித்த நெத்திலியைத் தூவினால் எங்கள் வீட்டில் ரெண்டாவது தடவை சோறு கேட்பார்கள். முதலில் "பிள்ளைக்கு வச்ச பத்தியச் சாப்பாட்டை எங்களுக்கும் போடுறியா" என்று கேட்ட மாமியார்தான் இப்போது இந்தத் தாளிப்பைப் போடுகிறார்.

ஊட்டும்போது

ஒரு வயதுப் பிள்ளைக்குக் கறியை முழுசாக மசித்து, குழைந்த சோற்றோடு பிசைந்து கொடுங்கள். ஒன்றரை வயதுக்கு மேல் முள்கரண்டியால் ஒவ்வொரு கடலையையும் தட்டையாக அழுத்தினால் போதும், தானே கையால் எடுத்துச் சாப்பிடும், கறைபடும், பரவாயில்லை. மஞ்சள் கறை வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும். இடியப்பத்தைப் பிய்த்துப் போட்டு மேலே குழம்பை ஊற்றி ஊறவைத்துக் கொடுத்தால் என் மகளுக்கு வேறெதுவும் வேண்டாம். தோசையும் நன்றாக இருக்கும்.

முதல் தடவை கொடுக்கும்போது ரெண்டு டீஸ்பூன் மட்டும், அதுவும் பகலில். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. முகத்தில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி தெரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், மூச்சுத் திணறினால் காத்திருக்கவே வேண்டாம், 999 (இங்கே அவசர உதவி எண்) கூப்பிடுங்கள். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையென்றால் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலையை ஆட்டித் தள்ளிவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். அடுத்த வாரம் மறுபடி வையுங்கள், அதற்கடுத்த வாரமும். பத்துப் பதினைந்து தடவை பார்த்து, தொட்டு, நக்கிப் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் ஒரு சாப்பாட்டை ஏற்றுக்கொள்ளும்.

வெந்த கடலை 100 கிராமில் கிட்டத்தட்ட 9 கிராம் புரதமும் 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பும், 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும், 3 மில்லிகிராம் அளவுக்கு இரும்புச்சத்தும் இருக்கிறது. ஆனால் செடியிலிருந்து வருகிற இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது, புளிப்பான பழங்களில் இருக்கிற வைட்டமின் சி கூடவே போனால்தான் நன்றாக எடுத்துக்கொள்ளும். ஊட்டும்போது ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழியலாம், சாப்பிட்டு முடித்ததும் ஒரு துண்டு பப்பாளி கொடுக்கலாம். தேத்தண்ணியை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பசியாறும்போது தாத்தா கிளாஸிலிருந்து ரெண்டு வாய் தே கொடுப்பது பாசம்தான், ஆனால் அந்தத் தே இரும்பை உடம்பில் சேரவிடாது.

பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டு, காரில் போய்க்கொண்டு, படுத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம். இருமுகிற, சத்தம் வருகிற பிள்ளை தானாகவே வெளியே தள்ளப் பார்க்கிறது, அதை இரும விடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும். சத்தமே வராமல், இருமவும் மூச்சு விடவும் முடியாமல் போனால் அடைப்பு, உதடும் நீலம் பாயலாம். ஒரு வயதுக்கு மேல் என்றால் முன்பக்கம் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு, வெளியே வரவில்லையென்றால் வயிற்றில் ஐந்து அழுத்து, மாற்றி மாற்றி. இன்னொருவர் 999 கூப்பிட வேண்டும். எழுதியதைப் படிப்பது வேறு, பொம்மையின் மேல் கை வைத்துச் செய்து பார்ப்பது வேறு. மலேசிய செம்பிறைச் சங்கம் முதலுதவி வகுப்பு நடத்துகிறது, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ஒருவராவது போய் வாருங்கள்.

மிச்சம் இருந்தால்

தேங்காய்ப்பால் சேர்ந்த கறி நம்மூர் வெக்கையில் வெளியே கிடக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஐஸ்பெட்டிக்குள் போய்விட வேண்டும், ரெண்டு நாளைக்குள் முடிந்துவிட வேண்டும். அதிக நாள் வைக்க நினைத்தால் தேங்காய்ப்பால் ஊற்றும் முன்பே மசித்து, ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை ஒரு பையில் போட்டு வையுங்கள், ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். சூடுபண்ணும்போது ஆவி பறக்கும்வரை சூடாக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும், ஒரே ஒரு தடவைதான். பிள்ளை எச்சில் கரண்டி பட்டதைத் திருப்பி டப்பாவில் போடாதீர்கள்.

வேலைக்குப் போகும் நாட்களில் சின்னவளை ஒரு அக்கா வீட்டில் விட்டுப் போகிறேன். அந்த டப்பாவில் கடலையை முழுசாகப் போட்டு "நசுக்கிக் கொடுங்க" என்று சொல்லி அனுப்புவதில்லை. அங்கே இன்னும் மூன்று பிள்ளைகள் இருக்கின்றன, யாராவது ஒன்று அழும், கை மறந்துபோகும். வீட்டிலேயே ஒவ்வொன்றாகத் தட்டையாக்கி, கடைசியில் கரண்டியால் அடிவரை ஒரு கிண்டு கிண்டிப் பார்த்து, உருண்டையாக எதுவும் தட்டுப்படவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூடியைப் போடுகிறேன்.